முள்ளம்பன்றி வீட்டில் இல்லை

ஒரு குளத்தங்கரையில் முள்ளம்பன்றி அண்ணாச்சி இருந்தார். வளைக்குப் பக்கத்து மேடு அவருக்குச் சொந்தம். வெறும் கல்லும் முள்ளுமாய்க் கிடந்தது. அதை ஒரு முயல் குத்தகைக்குக் கேட்டு வாங்கினாள்.

குத்தகை என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மண் அண்ணாச்சியுடையது, பாடு முயலுடையது. விளைந்ததில் ஒரு பங்கை முயல் கொடுக்க வேண்டும். கொடுக்கிற வரைக்கும் அவளை யாரும் கிளப்பக் கூடாது. கொடுக்காமல் விட்டால் மேடு திரும்ப அண்ணாச்சிக்கு. அந்தக் காட்டில் ரொம்ப காலமாக இதுதான் வழக்கம்.

முயல் கல் பொறுக்கினாள். குளத்து வண்டலை அள்ளி அள்ளிப் போட்டாள். சர்க்கரைவள்ளிக் கொடி மேடு முழுக்கப் படர்ந்தது. அப்போதுதான் அண்ணாச்சிக்கு மண்மேல் பாசம் வந்தது. இவ்வளவு நல்ல மண்ணையா விட்டுக்கொடுத்தேன் என்று பெண்டாட்டியிடம் புலம்பினார். நல்ல மண்ணாக்கினது முயல்தானே என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை.

கிழங்கைத் தோண்டியதும் முயல் முதல் வேலையாகப் பங்கைச் சுமந்துகொண்டு வளைக்குப் போனாள். குட்டிகளுக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி இல்லையே. பக்கத்துக் காட்டுக்குப் போயிருக்காரு" என்றாள் பெண்டாட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்குப் பின்னால் இருட்டில் நாலைந்து முள் நீட்டிக்கொண்டிருந்தது. முயல் பார்த்துவிட்டாள். ஆனாலும் பங்கை மறுபடி தூக்கிக்கொண்டாள்.

"சரி மதினி, வந்ததும் சொல்லுங்க" என்று திரும்பிவிட்டாள்.

மறுநாளும் அண்ணாச்சி இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. முயல் பங்கே கொடுக்கவில்லை, மேட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று காட்டுக்குள் ஒரு பேச்சு மட்டும் கிளம்பியது.

அந்தப் பேச்சு முயல் காதுக்கும் வந்தது. குட்டிகளோடு எங்கே போவாள்? சண்டை போடவும் தெரியாது. யோசித்து யோசித்து, எல்லாரும் தண்ணீர் குடிக்கிற துறையில் அந்தப் பங்கைக் குவித்தாள். இது அண்ணாச்சியுடையது, வந்ததும் எடுத்துக்கொள்வார், யாரும் தொட்டுவிட வேண்டாம் என்று வந்தவர்களிடமெல்லாம் மெல்லிய குரலில் சொன்னாள். மான் தொடவில்லை. காட்டுப்பன்றிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தது.

வளைக்குள் அண்ணாச்சி பாடுதான் திண்டாட்டம். வெளியே தலைகாட்ட முடியாது, பசியோ காதை அடைத்தது. போதாததற்குக் காற்று கிழங்கு வாசனையைக் கொண்டுவந்து மூக்கில் வைத்தது. பொழுது சாயும்போது, யாருமில்லை என்று நினைத்துத் துறைக்கு இறங்கினார். ஒன்றே ஒன்று என்று கடித்தார். அப்புறம் இன்னொன்று.

கோரைக்குள்ளிருந்து கானாங்கோழி எட்டிப் பார்த்தது.

"எப்ப வந்தீங்க அண்ணாச்சி?"

வாய் நிறையக் கிழங்கு. அவசரமாய் விழுங்கப் பார்த்தார். அதற்குள் மானும் பன்றியும் வந்துவிட்டன.

"பங்கு இனிக்குதா?" என்று பன்றி கேட்டது.

"தேனாட்டம் இருக்கு" என்று அண்ணாச்சி தன்னை மறந்து சொல்லிவிட்டார்.

"அப்ப பங்கு வாங்கியாச்சு. முயலை இனி யாரும் கிளப்ப முடியாது" என்றது கானாங்கோழி.

அண்ணாச்சியின் முள்ளெல்லாம் படிந்துபோயிற்று. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற முயல் தயங்கித் தயங்கி முன்னே வந்தாள்.

"மிச்சத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. மதினியும் பசியோட இருப்பாங்க."

கொடுக்க வந்தவரைக் கண்டு ஒளிந்துகொள்வதால், அவர் பாடுபட்ட மண்ணில் அவருக்குள்ள உரிமை இல்லாமல் போய்விடாது.