அக்கரைக்குப் பறந்த மயிலும் விடாத எலியும்

ஒரு காட்டை ஆறு ஒன்று இரண்டாகப் பிரித்து ஓடிக்கொண்டிருந்தது. இக்கரையில் வழக்கு என்றால் யானை தீர்த்து வைக்கும், அக்கரையில் காட்டெருமை.

இக்கரையில் இருந்த எலி, மழைக்காலத்துக்கென்று ஒரு வளை நிறையத் தினை சேர்த்து வைத்திருந்தது. "விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அறுவடையானதும் தந்துவிடுகிறேன்" என்று சொல்லி மயில் அதைக் கடனாக வாங்கியது. அறுவடை ஆயிற்று. தினை வரவில்லை.

எலி யானையிடம் முறையிட்டது. இருவரையும் நிறுத்தி விசாரித்த யானை, "மயில் தினையைத் திருப்பித் தர வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு தேக்கிலையில் தன் காலைப் பதித்துக் கொடுத்தது. அன்று மாலையே மயில் அக்கரைக்குப் பறந்துவிட்டது.

"போனது போகட்டும், விட்டுவிடு" என்றது முயல்.

"மழைக்கு என் ஐந்து குட்டிகளுக்கும் அதுதான் சோறு. எதை விடச் சொல்கிறாய்? தினையையா, குட்டிகளையா?"

எலி தேக்கிலையைக் கவ்விக்கொண்டு, மிதந்து வந்த ஒரு கட்டையில் ஏறி ஆற்றைக் கடந்தது.

அங்கே மயில் புதுத் தினைக் குவியலின் பக்கத்தில் தோகையை விரித்து நின்றது. மான்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

"அடடே, சுண்டெலியா! உங்கள் யானையின் தும்பிக்கை இவ்வளவு தூரம் நீளாதே!"

"நீளாதுதான். அதனால்தான் நானே வந்தேன்."

வழக்கு காட்டெருமையிடம் போயிற்று. அது இலையை முகர்ந்து பார்த்தது.

"யானையின் தீர்ப்பை நாங்களும் மதிப்போம். ஆனால் எதிராளியின் பேச்சைக் கேட்காமல் சொன்ன தீர்ப்பு இங்கே செல்லாது. மயிலே, யானை உன்னை விசாரித்ததா?"

"இல்லவே இல்லை, ஐயா! அந்தச் சபையை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை" என்றது மயில், கூசாமல்.

சாட்சிகள் எல்லாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். எலி மயிலை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது:

"இருக்கலாம், ஐயா. அன்றைக்குச் சபைக்கு வந்தது வேறு மயில் போலிருக்கிறது. அதற்குப் பாதித் தோகைதான். பேச வாய் வராமல் உளறிக் கொட்டியது. குரங்குகள் எல்லாம் சிரித்தன."

மான்கள் களுக்கென்று சிரித்தன. மயிலின் கழுத்து விறைத்தது.

"யார் உளறியது? மூன்று நாழிகை தங்குதடையில்லாமல் பேசினேன்! என் பேச்சைக் கேட்டு யானையே தலையாட்டியது!"

"யானை எப்போதும்தான் தலையாட்டும்" என்றது காட்டெருமை. "எட்டிக்கூடப் பார்க்காத சபையில் மூன்று நாழிகை பேசினாயோ?"

மயிலின் தோகை தானாகச் சுருங்கியது.

காட்டெருமை எழுந்து போய்த் தினைக் குவியலின் முன்னால் நின்றது. "எலியின் வளை நிறையும்வரை நீயே அலகால் அள்ளிக்கொண்டு போய்க் கொடு. அதுவரை இதில் ஒரு மணிகூட உன் வயிற்றுக்குள் போகக் கூடாது."

நான்கு நாள் மயில் ஆற்றின் மேல் போவதும் வருவதுமாக இருந்தது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்க இறங்கி, "போதுமா, எலியம்மா?" என்று கேட்டது.

எலி வளைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

"இன்னும் ஒரு முழம் பாக்கி."

நீதி: ஊரை விட்டு ஓடினாலும் கடன் தீர்ந்துவிடாது, நமக்குச் சேர வேண்டியதை ஆற்றைக் கடந்து போயும் கேட்க அஞ்சக் கூடாது.