சுற்றி வந்த சாப்பாடு

முத்தாரப்பட்டினத்து மன்னர் குமாரவிசயனுக்கு எதையும் பொறுத்துக்கொள்ளத் தெரியும், கிராம்பில்லாத வெற்றிலையைத் தவிர. அந்த வருஷம் அதுதான் அவருக்கு வாய்த்தது. கிழக்கே கப்பல்கள் நுழைகிற கடலிடுக்கில் இரண்டு தீவரசர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். கிராம்பு வரவில்லை, கற்பூரம் வரவில்லை. கடைத்தெருவில் கிராம்பு கேட்டவர்களைப் பார்த்து வியாபாரிகள் சிரித்தார்கள். அரண்மனையில் மன்னர் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார்.

ஒருவழியாகச் சேகு நைனா மரக்காயரின் கப்பல் கிராம்பு மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. பாவம், வந்தும் பயனில்லை. பருவம் முடிந்ததென்று துறைமுகக் கொடியை முந்தின நாள்தான் இறக்கியிருந்தார்கள். கொடி இறங்கியபின் வரும் சரக்கு துறைத் தலைவருக்குச் சொந்தம் என்பது அந்த ஊர் வழக்கம். துறைத் தலைவர் கருணாகரர் வண்டிகளோடு கரையில் தயாராக நின்றார்.

வழக்கு சபைக்கு வந்தது.

“மகாராசா, இடுக்குல சண்டை. நேரா வந்திருந்தா கப்பலும் இல்ல, நாங்களும் இல்ல. தீவையெல்லாம் சுத்திக்கிட்டு வந்தோம். ஒரு மூட்டைகூட நனையல,” என்றார் மரக்காயர். சரக்கு போனால் கப்பலை விற்கவேண்டியதுதான். மாலுமிகளின் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

“இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், மன்னா,” என்றார் கருணாகரர்.

கிராம்பில்லாத வெற்றிலையை மென்றபடி மன்னர் சொன்னார்: “காரணமெல்லாம் வேண்டாம். என் ஊரில் நேரம் தப்பி வருவது எதுவானாலும் துறைத் தலைவருக்குத்தான். கருணாகரரே, நாளை மதியம் என்னோடு சாப்பிட வாருங்கள். கை கழுவியதும் தீர்ப்போலையில் முத்திரை வைக்கிறேன்.”

சபை விகடகவி ஆவுடையப்பன் மரக்காயரின் முகத்தைப் பார்த்தார். சபை கலைந்ததும் வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் மன்னரின் சண்டைக் கிடாக்கள் இருக்கும் கொட்டடியில் மட்டும் கொஞ்சநேரம் நின்றார்.

மறுநாள் உச்சி முரசு கொட்டியது. முரசு ஓய்வதற்குள் மன்னரின் இலையில் சோறு விழுந்தாகவேண்டும். விழவில்லை. மன்னர் வெறும் இலையைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருணாகரரையும் காணோம்.

வெகுநேரம் கழித்துச் சமையல்காரர்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு முன்வாசல் வழியாக மூச்சிரைக்க வந்தார்கள். “மகாராசா, சமையல்கட்டுலேர்ந்து வர்ற முடுக்குச் சந்துல உங்க கிடா ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. உள்ளே போனா எங்க எலும்பு மிஞ்சாது. யானைக்கொட்டாரம், நந்தவனமெல்லாம் சுத்தி வாரோம்.”

சாம்பார் ஆறியிருந்தது. பரவாயில்லை என்று மன்னர் சோற்றில் கை வைக்கப் போனார்.

“தொடாதீர்கள், மன்னா,” என்றார் ஆவுடையப்பன். “நேரம் தப்பி வந்திருக்கிறது. இது துறைத் தலைவர் சாப்பாடு.”

“என்ன உளறுகிறீர்? முடுக்கில் கிடாக்கள் முட்டினால் இவர்கள் என்ன செய்வார்கள்? இவ்வளவு சுற்றியும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பரிசல்லவா கொடுக்கவேண்டும்!”

“நேற்று மரக்காயரும் இதைத்தானே சொன்னார், மன்னா?”

மன்னரின் கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துக் கருணாகரர் தொந்தி குலுங்க ஓடிவந்தார்.

“மன்னிக்கவேண்டும், மன்னா. மூட்டைகளுக்காகக் கிட்டங்கியில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தேன். அதுதான் தாமதம்.”

“காரணமா சொல்கிறீர்?” என்ற மன்னர், மரக்காயரை அழைத்துவரச் சொன்னார். “மரக்காயரே, சரக்கு உம்முடையது. அந்த வழக்கமும் இன்றோடு ஒழிந்தது. ஆனால் இவர் நேரம் தப்பி வந்திருக்கிறாரே, இவரை என்ன செய்யலாம், ஆவுடையப்பரே?”

“மரக்காயருக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த நடை சுற்றுவழியாகக் கூட்டிப்போகட்டும்.”

மரக்காயர் கருணாகரரை மேலும் கீழும் பார்த்தார். “வேணாம் மகாராசா. இந்தப் பாரத்தை என் கப்பல் தாங்காது.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பாடு முடிந்து புதுக் கிராம்பு குத்திய வெற்றிலை வந்தது. முதல் சுருளை ஆவுடையப்பனுக்கே கொடுத்தார். பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

“அது சரி, கொட்டடியில் கட்டிக்கிடந்த கிடாக்கள் முடுக்குக்கு எப்படி வந்தன?”

ஆவுடையப்பன் வெற்றிலையை நிதானமாக மென்றுகொண்டே சொன்னார்:

“காரணமெல்லாம் வேண்டாமென்று நேற்றே சொல்லிவிட்டீர்களே, மன்னா.”