சிட்டு நாக்கை விழுங்கிய நாள்

நரி பேசியது என்றால் நம்புகிறீர்கள். காக்காயும் ஆமையும் பேசின என்றால் தலையாட்டுகிறீர்கள். கார் பேசியது என்று நான் சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறதோ? சிரித்து முடித்துவிட்டே வாருங்கள், எனக்கொன்றும் அவசரமில்லை.

அந்தக் காலத்தில் கார்களுக்கு வாய் இருந்தது. வாய்க்குள் நாக்கும் இருந்தது. எங்கே வலிக்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்லும். "முன் சக்கரம் ஆடுதுங்க" என்று கார் சொன்னால், சொந்தக்காரர் ஸ்பேனரை எடுத்துப் போய் முடுக்கிவிட்டு வருவார். சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கிற வித்தையெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இன்னொன்று, கார்களுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் ஒரு கார் தன் உடம்பைப் பற்றி என்ன சொன்னதோ அதுதான் தீர்ப்பு. அதற்கு மேல் யாரும் எதிர்ப் பேச்சுப் பேசுவதில்லை.

எல்லாக் கார்களும்தான் பேசின. ஆனால் சீமையிலிருந்து கப்பலில் வந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! மழை பெய்தால் ஒரு புலம்பல், வெயில் அடித்தால் ஒரு புலம்பல். ஓடினால் மட்டும் அவ்வளவு அழகாக ஓடும், அதற்காக எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் அப்படி ஒரு கார் இருந்தது. பச்சை நிறம். உள்ளே உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம், அவ்வளவு குள்ளம். சொந்தக்காரி பெயர் ருக்குமணி. அவள் காருக்கு வைத்த பெயர் சிட்டு. ஞாயிற்றுக்கிழமையானால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய்க் கொட்டகையில் சிட்டின் பானட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பனுக்கு ஸ்பேனருக்கும் இடுக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. காப்பி கொண்டுவந்து கொடுப்பார். வண்டி கிளம்பாவிட்டால் பின்னால் நின்று தள்ளுவார். இரண்டையும் முகம் சுளிக்காமல் செய்வார்.

"அம்மணி, கார்புரேட்டர் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மொறைச்சுக்கிட்டு நிக்குதுங்க" என்று சிட்டு சொல்லும்.

"எதுக்காம்?"

"இது அதிகமா மூச்சு விடுதாம், அது கம்மியா விடுதாம்."

ருக்குமணி இங்கே கால் திருகு, அங்கே கால் திருகு திருப்புவாள். இரண்டும் சமாதானமாகும். சிட்டு கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்துவிட்டு, "இப்ப சொகமா இருக்குதுங்க. ஆனா..." என்று இழுக்கும்.

அந்த 'ஆனா' இல்லாமல் சிட்டு ஒரு நாளும் பேச்சை முடித்ததில்லை. ருக்குமணிக்கு அதுவும் பிடித்திருந்தது. வேலை செய்துகொண்டே இருவரும் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ருக்குமணியின் அண்ணன் ஆறுக்குட்டி வீட்டில் கல்யாணம் வந்தது. அவர் மகளுக்குக் கல்யாணம். ருக்குமணிதான் பெண்ணுக்கு ஒரே அத்தை. கல்யாணத்துக்கு முந்தின வாரமே சிட்டு சொன்னது:

"அம்மணி, பாயிண்ட் கருகற மாதிரி இருக்குதுங்க. சித்தெ பாத்துருங்க."

"கல்யாணம் முடியட்டும் கண்ணு. தலைக்கு மேல வேலை கெடக்குது."

முகூர்த்தத்தன்று பட்டுச்சேலையும் பூவுமாகக் கிளம்பிப் போனவர்களை, பாதி வழியில் புளியமரத்தடியில் சிட்டு நிறுத்திவிட்டது. நஞ்சப்பன் தள்ளு தள்ளு என்று தள்ளினார். பட்டுவேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

"பாயிண்ட்டு, அம்மணி. அன்னைக்கே சொன்னேனுங்க" என்றது சிட்டு.

ருக்குமணி மூடியைக் கழற்றி, இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற அந்தக் கருகின பாயிண்ட்டைச் சுரண்டினாள். சுரண்டிய பிறகு இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். கூடினாலும் ஓடாது, குறைந்தாலும் ஓடாது. அளவு பார்க்கிற தகடு கொட்டகையில் கிடக்கிறது. கையில் இருந்தது கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். அதன் ஓரத்தைக் கிழித்து, பாயிண்ட்டுக்கு நடுவில் செருகி, அந்தத் தடிமனுக்கு இடைவெளி வைத்து முடுக்கினாள். சிட்டு கிளம்பிவிட்டது. ஆனால் இவர்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது.

கருப்புக் கையும் ஓரம் கிழிந்த பத்திரிகையுமாக நின்ற தங்கையைப் பார்த்து ஆறுக்குட்டி ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "நீ இல்லாமயே தாலி கட்டியாச்சு அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல மனுசன்தான். ஆனால் நல்ல மனுசன் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதிலிருந்து தப்பிப்பது கஷ்டம். ஒறம்பரை சனமெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்ததும், கோயமுத்தூரிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். வந்தவர் பெயர் வெங்கிடுசாமி. இஞ்சின் டாக்டர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர். சுத்தமான வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பென்சில். சிட்டின் முன்னால் குந்த உட்கார்ந்து கனிவாகக் கேட்டார்:

"என்ன கண்ணு, எங்கெங்க வலிக்குது? சும்மா சொல்லு."

பெரிய டாக்டர் தன்னைத் தேடி வந்து கேட்கிறார் என்றதும் சிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரைக் கண்டால் வராத வலியும் வரும் என்பார்களே, அதேதான். ஆரம்பித்துவிட்டது.

"கிளட்ச் இழுக்குதுங்க. மூணாம் கியருக்குப் போகையில ஒரு முனகல் வருதுங்க. விளக்கு ரெண்டும் நெனச்சா எரியுதுங்க. ஆயில் சொட்டுதுங்க, அது நான் பொறந்த ஊர்லயே சொட்டுச்சு. குளிருக்கு மூச்சு எரைக்குதுங்க, வெயிலுக்குத் தலை சுத்துதுங்க..."

ருக்குமணி பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள். சிட்டு கவனித்தால்தானே! கேட்கக் கேட்க டாக்டரின் முகம் தொங்கிப் போனது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சின் முழுக்கச் சீக்குங்க. இதைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு டீசல் இஞ்சின் ஒண்ணை மாட்டிட்டா, காலத்துக்கும் பேச்சே வராது."

"எங்கிட்ட புது டீசல் இஞ்சின் இருக்குது. அண்ணன் சீரா வெச்சுக்க அம்மணி. இனி எந்த விசேசத்துக்கும் என்ற தங்கச்சி நேரமா வந்து சேரணும்" என்றார் ஆறுக்குட்டி.

"அண்ணா, வேண்டாங்ணா..."

"பொறந்த வீட்டுச் சீரை வேண்டாங்கறயா?"

அதற்கு மேல் ருக்குமணியால் என்ன பேச முடியும்? சிட்டும் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நாளைக் காலையில் சங்கிலி கட்டி இஞ்சினைத் தூக்குவது என்று முடிவாகி, அவர்கள் போனார்கள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று நஞ்சப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

சிட்டுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "அம்மணி, இஞ்சினை எடுத்துட்டா அப்புறம் நான் யாருங்க?" என்றது.

"அப்படிச் சொல்லாத கண்ணு."

"பச்சைப் பெயிண்ட்டு இருக்கும். சீட்டு இருக்கும். உள்ள இருந்து வேற எவனோ லாரிக்காரனாட்டப் பேசுவான். நீங்க ஞாயித்துக்கெழமை யாருகூடப் பேசுவீங்க?"

ருக்குமணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்பேனரை எடுத்தாள். கிளட்ச்சை இழுத்துக் கட்டினாள். வால்வு இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து வைத்தாள். கார்புரேட்டருக்கு எண்ணெய் விட்டாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு எல்லாம் முடித்துவிட்டுக் கேட்டாள்:

"இப்ப எங்கயாவது வலிக்குதா?"

"இல்லைங்க. ஆனா..."

"அந்த ஆனாவை நாளைக்கு மட்டும் சொல்லிப்போடாதே! டாக்டரு தொடறதுக்கு முன்னால மறுபடியும் கேப்பாரு. வலிக்குதுன்னு சொன்னீன்னா உன்ற கதை முடிஞ்சுது."

"வலிக்கலைன்னு சொல்ல எனக்கு வராதுங்களே."

"பொய் சொல்ல வேண்டாம். பேசாம இரு. பேசாம இருந்தா அது பொய்யாகாது."

"பேசாம இருக்கறதா? நானுங்களா?"

"அவங்க போற வரைக்கும்தான் கண்ணு. எனக்காக."

மறுநாள் காலை வண்டியில் டீசல் இஞ்சின் வந்து இறங்கியது. சீர் அல்லவா, மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, புது மாப்பிள்ளையாட்டம் உட்கார்ந்திருந்தது. கொட்டகை உத்தரத்தில் சங்கிலியை மாட்டினார்கள். டாக்டர் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு சிட்டின் முன்னால் குந்தினார்.

"சொல்லு கண்ணு, இன்னைக்கு எங்க வலிக்குது?"

சிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டது. ஆனால் பாருங்கள், பிறந்ததிலிருந்து ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பேச்சு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. 'ஆனா' நுனிநாக்கில் நின்றது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கொட்டியிருக்கும். சிட்டு ருக்குமணியைப் பார்த்தது. உத்தரத்துச் சங்கிலியைப் பார்த்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, களக் என்று நாக்கையே விழுங்கிவிட்டது.

நாக்கு தொண்டை வழியாக இஞ்சினுக்குள் போய் விழுந்தது. என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது, ருக்குமணிக்கும் தெரியாது.

டாக்டர் மறுபடியும் கேட்டார். பதில் இல்லை.

"மௌனம் சம்மதம். தூக்குங்கப்பா" என்றார் ஆறுக்குட்டி.

"இருங்க. வலிக்குதுன்னு வாய் தொறந்து சொல்லாத வண்டியில நான் கை வெக்கறதில்லை. அம்மணி, நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க, ஓட்டத்தைப் பாப்போம்" என்றார் டாக்டர்.

ருக்குமணி மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு சாவியைத் திருகினாள். எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. இஞ்சினுக்குள் விழுந்த நாக்கு, டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டதும் பயந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. டாக்டர் பானட்டில் காதை வைத்தார். அடியில் படுத்துக் கேட்டார். சுற்றிச் சுற்றி வந்தார். முனகல் இல்லை, இரைப்பு இல்லை, வெண்ணெயாக ஓடியது.

"ஒரு குத்தமும் இல்லீங்க. நேத்துப் பேசுன வண்டி இதுதானுங்களா?" என்று மலைத்துப் போனார். "இதைக் கழட்டுனா பாவம் வந்து சேரும்."

ஆறுக்குட்டி தங்கையின் முகத்தைப் பார்த்தார். நேற்றெல்லாம் அழுத முகம் என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அம்மணி" என்றார். சீரைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்பதால், டீசல் இஞ்சினைத் தோப்புக் கிணற்றில் மாட்டிக் கொடுத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்த வருசம் தென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை.

அவர்கள் தலை மறைந்ததும் ருக்குமணி கொட்டகைக்கு ஓடிப் போய் சிட்டின் சாவியைத் திருகினாள்.

"போயிட்டாங்க கண்ணு! இனிப் பேசு, எவ்வளவு வேணும்னாலும் பேசு!"

சிட்டு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்குள்ளிருந்து மட்டும், 'டிக்... டிக்... டிக்...'

ருக்குமணி எட்டிப் பார்த்தாள். வாய்க்குள் நாக்கு இல்லை. "ஐயோ, அவங்க போற வரைக்கும்தானே சொன்னேன்! அடிப் பாவி, இப்படிப் பண்ணிட்டயே!" என்று தரையில் உட்கார்ந்து, சிட்டின் மூஞ்சியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நஞ்சப்பன் காப்பியோடு வந்தவர் பார்த்தார். காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். ரப்பர் குழாயில் ஒரு முழம் அறுத்துக்கொண்டு வந்தார்.

"வெசனப்படாத அம்மணி. உள்ள ஏதோ சொல்லிக்கிட்டுத்தான் இருக்குது. இதைக் காதுல வெச்சுக் கேளு."

ருக்குமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்தாள். மறுமுனையை இஞ்சின்மேல் அங்கங்கே வைத்து நகர்த்தினாள். இங்கே மெல்ல, அங்கே இன்னும் மெல்ல. மூன்றாவது வால்வுக்கு மேலே வைத்ததும் காதுக்குள் வந்து சொன்னதுபோல, 'டிக், டிக்' என்று கேட்டது. இஞ்சினை நிறுத்தி, அந்த வால்வை மட்டும் ஒரு மயிரிழை திருப்பி வைத்துவிட்டு மறுபடியும் ஓடவிட்டாள். டிக் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, கார்புரேட்டர் பக்கம் போய் வேறு மாதிரி முனக ஆரம்பித்தது.

"அட கழுதை, இப்ப அங்கயா?" என்று அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள் ருக்குமணி.

வலியைச் சொன்னால் இஞ்சினைக் கழற்றிவிடுவார்களாம் என்ற சேதி ஊர் ஊராகப் பரவியது. கேள்விப்பட்ட காரெல்லாம் அரண்டு போய், களக் களக்கென்று தத்தம் நாக்கை விழுங்கின.

விழுங்கிய நாக்கு விழுங்கியதுதான், இன்றுவரை ஒன்றும் வெளியே வரவில்லை. அதனால்தான் பழைய கார் வைத்திருப்பவர் காதில் குழாயும் ஸ்க்ரூ டிரைவருமாகக் குனிந்து கிடக்கிறார். அதனால்தான் வாரம் முழுக்கக் கேட்ட சத்தம், மெக்கானிக் வந்து காதை வைத்தவுடன் நின்றுவிடுகிறது. "இப்ப வரைக்கும் வந்துச்சுங்க, சத்தியமா வந்துச்சுங்க!" என்று சொந்தக்காரர் அசடு வழிய, "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்று அவரும் கையைத் துடைத்துக்கொண்டு போகிறார். தெருமுனையில் அவர் தலை மறையட்டும். தன்னைக் கழற்றி எறிய மாட்டார் என்று நம்புகிற அந்த ஒரே ஆளிடம், வண்டி மெல்ல ஆரம்பிக்கும்: டிக், டிக்.