நீலக் காரில் ஒரு பள்ளம்

"எதைப் பிரிக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு வேற வேலை கெடக்கு" என்றான் சாகுல். கையில் ஸ்பேனரோடு நின்றான்.



ஜெபராணி டிரைவிங் ஸ்கூலில் இரண்டே கார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். இரண்டும் ஒரே மாடல், கைமாறிக் கைமாறி வந்தவை. அந்த மாடல் வருவது எப்போதோ நின்றுவிட்டது. சாமானும் கிடைப்பதில்லை. வெள்ளைக்கு ரேடியேட்டர் போய்விட்டது. நீலத்துக்கு கியர்பாக்ஸ் இன்றோ நாளையோ. ஒன்றைப் பிரித்து அதன் சாமானை மற்றதில் மாட்டினால் ஒன்றாவது பிழைக்கும். இல்லையென்றால் இரண்டும் காயலான் கடைக்குத்தான்.

சாகுல் மெக்கானிக். அவனுக்கு எல்லாக் காரும் ஒன்றுதான்.

"நீலம்தான் இருக்கணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வெயிலுமுத்து அண்ணாச்சி.

நீலம், அண்ணாச்சி சொல்லிக்கொடுக்கிற கார். வெள்ளை, மாஸ்டர் சொல்லிக்கொடுக்கிற கார்.

மாஸ்டர் என்றால் ஜெபராணி. வயது முப்பத்து மூன்று. அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. இருந்தும் அண்ணாச்சிதான் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார். அண்ணாச்சி வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஒரு நாய்மேல்கூட ஏற்றியதில்லை. ரிட்டையர் ஆகும்போது டிப்போவில் மெடல் கொடுத்து அனுப்பினார்கள். வண்டி ஓட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சொல்லித்தரத்தான் அவருக்குத் தெரியாது. அதைப் படிக்கத்தான் இங்கே வந்தார்.

வந்த அன்றே சொல்லிவிட்டார். "நீங்க என் மக வயசு. ஆனா நான் படிக்க வந்திருக்கேன். மாஸ்டர்னுதான் கூப்பிடுவேன்."

அந்த விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

மெடல் இப்போது நீலக் காரின் முன்கண்ணாடிப் பக்கம் தொங்குகிறது.

"ரெண்டையும் பாருங்க மாஸ்டர். என் வண்டியில ஒரு கீறல் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. அந்த நிமிஷமே சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருதேன்" என்றார் அண்ணாச்சி.

காட்ட முடியாது. தினமும் காலையில் அவர் துடைக்கிற துடைப்பில் அந்தக் கதவைப் பார்த்துத் தலை சீவலாம்.

வெள்ளை அப்படி இல்லை. உள்ளதைச் சொன்னால் பார்க்கவே சகிக்காது. முன்பம்பரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. பின்கதவில் பெரிய பள்ளம். பக்கவாட்டுக் கண்ணாடி வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்தது.

"இதப் பாத்தா ஊரெல்லாம் வம்பிழுத்து உதை வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றான் சாகுல்.

"எல்லாம் படிக்க வந்தவங்க போட்டது" என்று மாஸ்டர் சிரித்தார். பிறகு கேட்டார். "செண்பகவல்லி அக்காவுக்கு டெஸ்ட் எப்போ அண்ணாச்சி?"

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. "திங்கக்கெழமை."

செண்பகவல்லி அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். கடை கடையாக மாவு போட ஒரு சின்ன வேன் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். லைசென்ஸ் இல்லை. வேன் வெயிலில் காய்கிறது. இரண்டு தடவை டெஸ்ட்டுக்குப் போய் இரண்டு தடவையும் தோற்றுத் திரும்பினார்.

"என்கூட ஓட்டும்போது தண்ணி மாதிரி ஓட்டுதாவ. டெஸ்ட்டுல ஏறுனா கை காலு உதறுது. பயம். அதுக்கு நான் என்ன செய்ய?"

"போன மாசம் போன அந்தத் தம்பி?"

"அவனுக்கும் பயம்தான்."

"அதுக்கு முந்தி ஒரு டீச்சரம்மா?"

"இன்ஸ்பெக்டர் மொறைச்சுட்டாரு மாஸ்டர். அவ்வோ கலங்கிட்டாவ."

"எல்லாரும் உங்க வண்டியில நல்லா ஓட்டுனவங்க."

"பிரமாதமா ஓட்டுனவங்க."

மாஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்துபோய் வெள்ளைக் காரின் முன்கதவு இரண்டையும் திறந்தார். நீலத்திலும் இரண்டையும் திறந்தார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு இடத்தில் இருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று. இடதுபக்கம் உட்கார்கிற வாத்தியார் காலடியில் ஒன்று. படிக்கிறவர் மிதிக்காமல் விட்டால் வாத்தியார் மிதிக்கலாம்.

"பிரேக் மேல இருக்கிற ரப்பரப் பாருங்க அண்ணாச்சி. நாலையும் பாருங்க."

அண்ணாச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

வெள்ளையில், ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. வாத்தியார் பக்கத்தில் தூசி படிந்திருந்தது. தூசியை விரலால் தள்ளினால் ரப்பரில் கோடுகள் புதுசாக இருந்தன.

நீலத்துக்குப் போனார். ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பர், கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தது. வாத்தியார் பக்கத்தில் ரப்பரே இல்லை. வெறும் இரும்பு. அதுவும் பளபளவென்று.

அண்ணாச்சி நிமிர நேரம் ஆனது. சாகுலும் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் அப்படி மூடுகிற ஆள் இல்லை.

"அப்போ நீலத்தையே பிரிச்சிரு" என்றார் அண்ணாச்சி. கை மெடலைக் கழற்றப் போனது.

"நான் எதையும் பிரிக்கச் சொல்லலையே" என்றார் மாஸ்டர்.

அந்த நேரத்தில்தான் செண்பகவல்லி அக்கா வந்தார். புடவை ஓரத்தில் மாவு காய்ந்திருந்தது. "என்ன, ரெண்டு வண்டியும் கதவத் தொறந்து போட்டுக் காத்து வாங்குதா?"



"நீலத்துலயே போவோம்க்கா. நானும் வாரேன்" என்று மாஸ்டர் பின்சீட்டில் ஏறினார்.

"ஏ யாத்தே, ரெண்டு வாத்தியாரா? நான் ஒரு வாத்தியாருக்கே தாங்க மாட்டேன்."

கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்க ரோடு. முதல் வேகத்தடை வந்தது. அண்ணாச்சியின் கால் தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் அது போவதை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பாம்பைப் பார்த்தது மாதிரி காலை இழுத்தார்.

அடுத்த வேகத்தடையில் மறுபடியும் போனது.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடித்து, பந்தியில் சாப்பிட உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டுக்கொண்டார்.

செண்பகவல்லி அக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, என்ன இது கோலம்?"

"ரோட்டப் பாரு."

"கால கீழ போடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான். ரோட்டப் பாரு."

வண்டி மெதுவாகத்தான் போனது. ஒரு இடத்தில் ரோடு வேலைக்காக ஓரமாகத் தார் டிரம் ஒன்றைக் காலியாக நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால் வலதுபக்கம் ஒரு சந்து. சந்துக்குள்ளிருந்து மினி பஸ் ஒன்று திடீரென்று பின்பக்கமாக வந்தது. அக்கா பதறி இடதுபக்கம் ஒடித்தார். இப்போது டிரம் நேர் எதிரே.

"அண்ணாச்சி, பிரேக்!" என்று மாஸ்டர் கத்தினார். "பிரேக்கப் போடுங்க!"

அண்ணாச்சிக்கு நன்றாகவே கேட்டது. இரண்டு முட்டியையும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலை இறக்கவில்லை.

செண்பகவல்லி அக்கா மிதித்தார்.

வண்டி குலுங்கியது. மெடல் ஆடிப் போய் கண்ணாடியில் டங்கென்று மோதியது. கார் டிரம்மை லேசாக ஒரு முட்டு முட்டி நின்றது. டிரம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. என்ஜின் அணைந்துவிட்டது.



"நின்னுட்டு" என்றார் அக்கா.

"நின்னுட்டு."

"நீங்க மிதிக்கலையா?"

அண்ணாச்சி தன் மடியைக் காட்டினார். கால் இரண்டும் அங்கேயேதான் இருந்தன.

"அப்போ நானா நிறுத்துனேன்?"

"நீதான் தாயீ."

அக்கா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"பிரேக் போடச் சொன்னேனே அண்ணாச்சி" என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து. குரல் இன்னும் படபடத்தது.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். மாஸ்டரின் வலதுகால் பின்சீட்டுத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. செருப்பே வளைந்திருந்தது.

"நீங்கதான் போட்டுக்கிட்டு இருக்கீங்களே மாஸ்டர்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். காலை மெதுவாக எடுத்தார்.

திரும்பி வந்ததும் சாகுல் காரைச் சுற்றினான். முன்பக்கம் நின்றுவிட்டான். பம்பருக்கு மேலே ஒரு பள்ளம். உள்ளங்கை அளவு.

"யாரு போட்டது?"

"நான்தான்!" என்றார் செண்பகவல்லி அக்கா. தெருவுக்கே கேட்டது.

சாகுல் அண்ணாச்சியைப் பார்த்தான். "ஒரு கீறல் காட்டுனா வீட்டுக்குப் போயிருதேன்னீங்க. இந்தா, குழியே விழுந்து கெடக்கு."

அண்ணாச்சி சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. சாவியை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். தலை குனியவில்லை.

மாஸ்டர் சாவியை வாங்கவில்லை.

"சாகுல், வெள்ளையப் பிரி."

"வெள்ளையா? மாஸ்டர், அது உங்க வண்டி. நீலத்துல இப்பத்தான பள்ளம் விழுந்துச்சு?"

"அதான்" என்றார் மாஸ்டர்.

சாகுல் தலையைச் சொறிந்தான். பிறகு போய் வெள்ளைக் காரின் முன்மூடியைத் திறந்தான்.

அண்ணாச்சி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் உள்ளே போகும்போது சொன்னார். "திங்கக்கெழமை டெஸ்ட்டுக்குப் போற வண்டி. அந்தப் பள்ளத்த மட்டும் தட்டி எடுத்துருங்க அண்ணாச்சி."

"சரி மாஸ்டர்."

திங்கட்கிழமை நீலக் கார் டெஸ்ட்டுக்குப் போனது. உள்ளே வெள்ளையின் கியர்பாக்ஸ். செண்பகவல்லி அக்கா பாஸ். இன்ஸ்பெக்டர் இறங்கி வரும்போது வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றார்.

"என்னங்க, ஸ்கூல் வண்டி அடிபட்டிருக்கு?"

"என் ஸ்டூடண்ட் போட்டது சார்" என்றார் அண்ணாச்சி. மீசையை ஒருதடவை தடவிக்கொண்டார்.

வண்டி முழுக்கப் பளபளவென்று துடைத்திருந்தது. பள்ளத்துக்குள்ளே மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்திருந்தது.

மாஸ்டர் அதைத் தட்டி எடுக்கச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி எடுக்கவில்லை.