வாக்கெடுப்புக்கு முன் ஒரு ஸ்கேன்

டாக்டர் பூமிநாதன் அறந்தாங்கியில் ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். தொழிலில் மனிதர் புலி. ஆனால் மாநில அல்ட்ராசவுண்ட் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு நின்ற போதெல்லாம் மண்ணைக் கவ்வினார். அந்தக் குழுவில் பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களே மாறி மாறி உட்காருவார்கள். சின்ன ஊர் டாக்டர் என்றால் தோளில் கை போட்டுப் பேசுவார்கள், சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள், ஓட்டு மட்டும் போட மாட்டார்கள். இந்தத் தடவையும் தோற்றால் இனி அந்தச் சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் திருச்சி மாநாட்டுக்குக் கிளம்பினார்.

மாநாட்டில் மதியத்துக்கு மேல் மேடையில் நேரடி ஸ்கேன். அது முடிந்த கையோடு வாக்கெடுப்பு. நேரடி ஸ்கேன் என்றால், ஒரு ஆளை மேடையில் படுக்கவைத்து டாக்டர் ஸ்கேன் செய்வார். மெஷினில் தெரிவதெல்லாம் ஹாலின் பெரிய திரையிலும் ஓடும். நூற்றுக்கணக்கான டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை அந்த வாய்ப்பு, லட்டு மாதிரி, பூமிநாதனுக்குக் கிடைத்திருந்தது.

அந்த நிகழ்ச்சிக்குத் தலைமை டாக்டர் ரெஜினா. பூமிநாதனுக்கு ஸ்கேன் சொல்லிக்கொடுத்தவர். அவரைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இருந்தாலும் இன்றைக்கும் அவர் முன்னால் பூமிநாதனுக்கு உட்கார்ந்து பேச வராது. அந்த அம்மாள் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கேள்வி கேட்டால் பதிலுக்கு எதையாவது செய்துவைப்பார். மாணவர்களுக்கு அதனாலேயே அவரிடம் ஒரு பயம்.

மதியச் சாப்பாட்டின்போது பூமிநாதன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், இவங்க ஏன் என்னைத் தேர்ந்தெடுக்க மாட்டேங்கிறாங்க? என்கிட்ட என்ன குறை?"

ரெஜினா தயிர்சாதத்தில் கிடந்த மிளகாயை எடுத்து ஓரமாக வைத்தார். மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவுதான். பூமிநாதன் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு ஓட்டுக் கேட்கப் போய்விட்டார்.

நேரடி ஸ்கேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் படுக்கப்போகிறவரை முன்கூட்டியே தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உள்ளே ஏதாவது கோளாறு இருந்தால் அவரிடம் அங்கேயே பக்குவமாகச் சொல்லிவிட்டு, மேடைக்கு வேறு ஆளை ஏற்ற வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. ஆனால் விவரம் தெரிந்த டாக்டர் யாரும் இதைத் தவறவிடுவதில்லை. அன்றைக்குப் பூமிநாதனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? கை குலுக்கவே நேரம் போதவில்லை. படுக்க வந்தவர் சவரிமுத்து என்று ஒரு டவுன் பஸ் கண்டக்டர். இலவச ஸ்கேன் என்று கேள்விப்பட்டு வந்தவர். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். இவருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று பூமிநாதன் விட்டுவிட்டார்.

மேடையில் சவரிமுத்து சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு படுத்தார். ஜெல் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தார். ஹால் சிரித்தது. பூமிநாதன் சட்டையில் மாட்டியிருந்த மைக்கில் பித்தப்பையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார். முன்வரிசையில் இருந்த எதிர் வேட்பாளர்கூடப் போனை உள்ளே வைத்துவிட்டுக் கவனித்தார். ரெஜினா மெஷினுக்கு அந்தப் பக்கம் தலைவர் நாற்காலியில், ஹாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பித்தப்பைக்குக் கீழே வலது சிறுநீரகம் லேசாகத் தலைகாட்டியது. அதன் ஓரம் ஒழுங்காக இல்லை. கொஞ்சம் புடைத்திருந்தது. பூமிநாதனின் கை தானாக நின்றது.

கட்டி. சந்தேகமே இல்லை, அது நல்ல கட்டி இல்லை.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனாலும் அதுதான் வந்தது. ஹாலில் ஒருத்தருக்கும் இன்னும் தெரியவில்லை. திரையில் ஓரம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. கையை ஒரு விரல்கடை நகர்த்தினால் போதும், மொத்தமும் நடுத்திரைக்கு வந்துவிடும். அறந்தாங்கிக்காரன் யார் என்று இந்த ஹால் இன்றைக்குத் தெரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஓட்டை யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 

"எல்லாரும் இப்ப திரையைக் கொஞ்சம் கவனிங்க," என்றார்.

கையை நகர்த்தினார். பெரிய திரை பொட்டென்று நீலமாகிவிட்டது.

கட்டி மெஷினின் சின்னத் திரையில் மட்டும் பூமிநாதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரெஜினா மேடை மைக்கை எடுத்து, திரைக்குப் போகிற ஒயர் கழன்றுவிட்டது, எல்லோரும் டீ குடித்துவிட்டு வரலாம் என்று அறிவித்தார். மெஷின்கூட இவருக்கு ஓட்டுப் போடவில்லை என்று பின்வரிசையில் யாரோ கிண்டலடிக்க, ஹாலே சிரித்துக்கொண்டு எழுந்தது. சவரிமுத்து, கரண்ட் போய்விட்டதா சார் என்று விசாரித்தபடி வயிற்றைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பூமிநாதன் சட்டை மைக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒயர் தானா கழலல. நீங்கதான் பிடுங்குனீங்க."

"ஆமா. நான்தான் பிடுங்குனேன்."

"அது கேன்சர் மேடம். பித்தப்பை பாக்கறப்போ அந்த ஓரத்தை இங்க வேற எவன் பிடிச்சிருப்பான்?"

"யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏன்? எனக்கு இருந்ததே அந்த ஒரு நிமிஷம்தான். டீ முடிஞ்சதும் ஒயரைச் சொருகுங்க. நான் காட்டுறேன்."

"சொருகுறேன்," என்றார் ரெஜினா. "அவரை முன்னாடியே ரூம்ல வச்சுப் பாத்தியா?"

பூமிநாதன் சுவரைப் பார்த்தார்.

"இல்ல."

"அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்த?"

"ஓட்டுக் கேட்டுட்டிருந்தேன்."

ரெஜினா திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று பூமிநாதனுக்கு இருந்தது. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன் என்று மளமளவென்று பேச ஆரம்பித்தார். ஆனால் இப்போதாவது கண்டுபிடித்தாயிற்று, அந்த மனிதருக்கும் அது நல்லதுதானே என்றார். ஊர், பேர் எதையும் மேடையில் சொல்லப்போவதில்லை என்றார். வாக்கெடுப்பு முடிந்த மறு நிமிடமே அவரைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகவும் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் காதுக்கே நியாயமாகத்தான் பட்டது.

"பாக்கறவங்க எல்லாரும் டாக்டருங்க மேடம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"



"உன் கை சட்டுனு நின்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ மெஷினைப் பாத்துட்டிருந்த. நான் ஹாலைப் பாத்து உக்காந்திருந்தேன். மூணாவது வரிசையில அவர் வீட்டுக்காரம்மா இருந்தாங்க. மடியில பொண்ணு. திரைப் பக்கம் விரலை நீட்டி, 'அதோ பாரு, அப்பாவோட வயிறு'ன்னு காட்டிட்டிருந்தாங்க."

வெளியே ஒலிபெருக்கியில் பூமிநாதனின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். ஒயர் சரியாகிவிட்டதாம், ஸ்கேன் தொடரலாமாம். அவர் அசையவில்லை. இன்னொரு தடவை அழைத்தார்கள். அவர் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்க மேடம்?"

"வெளிய மூணு பேரும் டீ குடிச்சிட்டிருக்காங்க," என்றார் ரெஜினா. "குடிச்சு முடிக்கட்டும்."