கூவிய சேவல்

முதலாளிக்கும் குற்றவாளிக்கும் என்ன சொந்தம், சொல்லுங்க பார்ப்போம்?

ஒரு ஊர் மணியக்காரர், தன் தூக்கத்தைக் கெடுத்த பக்கத்து வீட்டுச் சேவலைப் பிடித்துவரச் சொல்லி, குழம்பு வைக்கச் சொல்லி, எலும்புகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சேவல்காரி வீராயி தலைவிரி கோலமாய் ஓடிவந்ததும், வாயைத் துடைத்துக்கொண்டு நியாயம் சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

"குழம்பு வச்சது சமையல்காரி செவந்தி. அவதான் குற்றவாளி. கொட்டடியில போட்டுப் பூட்டுங்கடா!"

செவந்திக்கோ வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. கைதியாய்ப் போனால் அதற்கு யார் பால் கொடுப்பது?

"ஐயா, படிக்காதவளுக்கு ஒரு சந்தேகம். முதலை வச்சிருக்கிறவர் முதலாளி. கடனை வச்சிருக்கிறவர் கடனாளி. அப்போ, களவுச் சேவலை வச்சிருக்கிறவர்தானே குற்றவாளி?"

"பின்னே? இதுல என்னடி சந்தேகம்!"

"அப்ப தேடச் சொல்லுங்க. என் மடியில இல்லை, அடுப்படியில இல்லை, சட்டியிலயும் இல்லை..."

அந்த நேரம் பார்த்து மணியக்காரருக்குப் பூண்டும் மிளகும் மணக்க நீளமாய் ஓர் ஏப்பம் வந்தது.

"அதோ, கூவுதுங்க!" என்றாள் செவந்தி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொட்டடிக் கதவைத் திறந்து பிடித்திருந்த காவல்காரன் மொக்கையன் மட்டும் சிரிக்காமல், மணியக்காரரைப் பார்த்துப் பணிவாய்ச் சொன்னான்:

"வாசப்படி தாழ்வு, ஐயா. கொஞ்சம் குனிஞ்சு வாங்க."