மண்ணுக்குக் காவல்

காட்டாற்று மடுவில் நீர்நாய்கள் வாழ்ந்தன. கரையோர மரங்களில் கருமந்திகள் வாழ்ந்தன. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இரண்டு பேச்சும் தெரிந்தவள் அஞ்சனி என்ற கரிச்சான் குருவி ஒருத்திதான்.

மந்திக் குட்டிகளுக்கு ஆற்றின் அடியில் கிடக்கும் உவர்மண் வேண்டும். அதைத் தின்னாவிட்டால் இலை செரிக்காது, வயிறு வீங்கிவிடும். நீர்நாய்களுக்கோ முதலை பயம். முதலை வருவது மர உச்சியிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

"நீங்கள் மண் கொடுங்கள்! அவர்கள் காவல் இருந்து, முதலை வந்தால் கத்தட்டும்!" என்று அஞ்சனி இரண்டு பக்கமும் பேசி முடித்தாள்.

முதல் நாளே சண்டை மூளப் பார்த்தது. மந்திகளின் தலைவி கொம்பி, மண்ணை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீர்நாய்த் தலைவன் மடுவன் சீறினான்.

"என்ன திமிர்! கொடுப்பவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாளோ?"

"கோபப்படாதீர்கள் அண்ணா! கொடுப்பவரை உற்றுப் பார்த்தால், கொடுத்தது போதவில்லை என்று அர்த்தமாம். முகம் திருப்புவதுதான் அவர்கள் வழக்கத்தில் மரியாதை!"

மடுவன் சிரித்துவிட்டான். அஞ்சனி சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு வேறொன்றும் உறைத்தது. தான் எதைச் சொன்னாலும் இவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும்!

மறுவாரம் மடுவனிடம் போனாள். "மண்ணோடு தினம் ஒரு மீனும் வேண்டுமாம், அண்ணா. அவர்கள் சாமிக்குப் படைக்கவாம்!"

மந்திகளுக்கு மீன் வாடையே ஆகாது. அது மடுவனுக்குத் தெரியாது. கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, புதர் மறைவில் அஞ்சனியே மீனைத் தின்றாள். கொழுகொழுவென்று ஆனாள்.

கோடை வந்தது. மடு சுருங்கியது. மீன் அருகிப்போனது.

"எங்கள் குட்டிகளுக்கே மீன் இல்லையம்மா," என்றான் மடுவன். "மழை வரும்வரை மண் மட்டும் தருகிறோம் என்று கொம்பியிடம் சொல்லேன்!"

அஞ்சனிக்குத் திக்கென்றது. சரி என்றால் மீன் போய்விடும். கொம்பியிடம் போவதுபோல ஒரு சுற்றுப் பறந்துவிட்டுத் திரும்பினாள்.

"மீன் இல்லையென்றால் காவலும் இல்லையாம், அண்ணா!"

"குட்டிகள் பட்டினி என்று சொல்லியுமா? அப்படியானால் இனி மண்ணும் கிடையாது!"

இரண்டு நாளில் இறங்கி வருவான் என்று அஞ்சனி நினைத்தாள். மடுவன் இறங்கவில்லை.

மரத்தில் கொம்பி தவித்தாள். "மண் ஏன் வரவில்லை? நாங்கள் என்ன தப்புச் செய்தோம்?"

"ஏதோ கோபம், அக்கா. கொஞ்சம் பொறுங்கள்!"

கொம்பி பொறுத்தாள். மண் வராதபோதும் காவலை விடவில்லை. அந்த நாட்களில் முதலையும் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவளுடைய குட்டி வயிறு வீங்கிச் செத்தது.

அன்று மத்தியானம் முதலை வந்தது. செத்த குட்டியை மார்போடு அணைத்தபடி கொம்பி அதைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"முதலை! முதலை!" என்று அஞ்சனி அலறினாள். அதற்குள் மடுவனின் இரண்டு குட்டிகளும் போய்விட்டன. தண்ணீர் சிவந்தது.

அஞ்சனி கரைக்கு இறங்கினாள். மடுவன் முன்னால் போய் விழுந்தாள்.

"அண்ணா, கொம்பி மீனே கேட்கவில்லை! அத்தனையும் நான்தான் தின்றேன்!"

மடுவன் அவளை வெறித்துப் பார்த்தான். "இப்படிச் சொல்ல அவர்கள் உனக்கு என்ன தருகிறார்கள்?"

அஞ்சனி மரத்துக்குப் பறந்தாள். "அக்கா, மடுவன்மேல் தப்பில்லை! நான்தான் பொய் சொன்னேன்!"

"மறுபடி எங்களைக் காவலுக்கு இழுக்க அவன் அனுப்பினானா?" என்றாள் கொம்பி. கையிலிருந்த குட்டியை அவள் இன்னும் கீழே விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் நீர்நாய்கள் ஆற்றோடு கீழே போய்விட்டன. மந்திகள் உவர்மண் தேடி மலை ஏறின. வழியில் இன்னும் மூன்று குட்டிகள் செத்தன. மடுவில் முதலை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

இருவருக்கு நடுவே நின்று பொய் சொல்லிப் பிழைப்பவர், பிறகு உயிரைக் காக்க உண்மையைச் சொன்னாலும் அதை நம்ப ஆள் இருக்காது.